அனுப்பும் பாட்டு எடுக்காத பேய்ப்படம்

என் பாக்கியக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் குளிர் இல்லாமல் இருக்கட்டும். இங்கே தெமோதரையில் ஒரு வாரமாக விடாத மழை. நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் உன் அடுப்படி மூலை இன்னும் ஒழுகத்தான் செய்கிறது.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் தர்ஷினி போன மாதம் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். மூன்று வயதில் நீ விட்டுப்போன பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று. தாய்மாமன் என்று நான்தான் ஓலை வாங்கி வந்து குடிசை கட்டினேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதைப் பார்த்து மச்சான் சிரித்தார். உன் புருஷன் சிரித்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது தெரியுமா? அவர் வேறு கல்யாணம் கட்டவில்லை, அக்கா. காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்குப் போகிறார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும்.

தண்ணீர் ஊற்றிய அன்று மேல் லயத்திலிருந்து வந்த ஒருத்தி, "பேய் அடிச்சு செத்தவ புள்ள. வேப்பிலைய இன்னும் கொஞ்சம் கூட வைங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அம்மா நடிச்ச படம் ஒங்ககிட்ட இருக்குதானே? எனக்குப் போட்டுக் காட்டுங்க."

"எதுக்குடா இப்ப?"

"அம்மாவுக்கு மொதல்ல எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். எனக்கும் வந்தா தெரியணும்ல?"

பதுளையில் அவசர வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அதன் பிறகுதான் மற்றதெல்லாம். பதுளை பஜாரில் கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வாடகைக் கெசட்டில் வந்த பேய்ப்படங்களை எல்லாம் பார்த்துவிட்டு, இதற்கு ஒரு பாழடைந்த வீடும் தலைவிரித்த பெண்ணும் போதுமே என்று கிளம்பினேன். வீடு இருந்தது. ஆள் இல்லாமல் கிடந்த சின்னத்துரை பங்களாவை வாச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து விட்டார். பெண்தான் கிடைக்கவில்லை. தோட்டத்தில் எந்தப் பெண்ணும் கேமராவுக்கு முன்னால் தலையை விரித்துப் போடச் சம்மதிக்கவில்லை. நீதான், "தம்பிக்காகத்தானே, வாறேன்டா" என்று வந்தாய்.

ராத்திரிக் காட்சிகளை எல்லாம் பட்டப்பகலில் எடுத்தோம். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கேமரா கண்ணில் நீலக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். தூண்டில் நூலைக் கட்டிக் கதவை இழுத்தேன். ரத்தத்துக்கு பீட்ரூட்டை அரைத்தாய், மிச்சத்தை வீணாக்காமல் கறி வைத்தாய். பனிப்புகைக்கு மட்டும் நாம் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மூன்று மணியானால் மிஸ்ட் தானாக வாசல்படி ஏறி வந்தது. பவுடர் அப்பிய முகத்தோடு நீ கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அய்யோ, என்னைய நானே கும்பிடணும் போல இருக்கே" என்று சிரித்த சிரிப்பில் அன்று ஒரு காட்சியும் உருப்படியாக எடுக்க முடியவில்லை.

எல்லோரும் மெச்சியது நீ தலையைச் சாய்த்துப் பார்க்கும் அந்தப் பார்வையைத்தான். இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது. உன் இடது காதில் சின்ன வயதிலிருந்தே சீழ் வடியும். எப்போதும் பஞ்சு வைத்திருப்பாய். அந்தக் காது கேட்காததால்தான் நான் சொல்வதைக் கேட்க மற்றக் காதை என் பக்கம் திருப்பினாய். நான் அதை நடிப்பு என்று எண்ணி, "அப்படியே இரு, அக்கா" என்று கிட்டப் போய் எடுத்தேன். தலை வலிக்கிறது என்று நீ இரண்டு மூன்று தரம் சொன்னாய். வெயிலென்றேன். ஜன்னலில் கம்பளி தொங்குகிற அறைக்குள் என்ன வெயில்?

பேயோட்டும் காட்சிக்கு நம் தோட்டத்துக் கோடாங்கி ஐயாவையே கூட்டிவந்தேன். உடுக்கு அடிக்க வேறு யாருக்குத் தெரியும்? அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே பாடினார். பேயை அழைக்கிற பாட்டு முடிந்து அனுப்புகிற பாட்டைத் தொடங்கும்போது கேமரா பேட்டரி இறங்கிவிட்டது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தம்பி, அழைச்சிட்டு அனுப்பாம எந்திரிக்கக் கூடாது" என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அனுப்பிக்கலாம் ஐயா, ஓடியா போகப் போகுது?" என்றேன். நீயும் சிரித்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல், வாந்தி, தலையைப் பிடித்துக்கொண்டு கத்தல். பிறகு ஆள் தெரியாமல் பேச ஆரம்பித்தாய். பிள்ளையைப் பார்த்து, "இது யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டாய். லயம் முழுக்க ஒரே பேச்சு: அழைத்த பேய் போகாமல் நிற்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நூல் கட்டிக் கதவை இழுத்தவன் நான், பீட்ரூட்டை ரத்தம் என்று காட்டியவன் நான். நம்பியதும் நான்தான், எல்லோரையும்விட அதிகமாக.

கோடாங்கி ஐயா இரண்டு வெள்ளிக்கிழமை வந்து பாடினார். அதற்கும் குறையவில்லை. இனி நான் சொல்லப் போவது உனக்குத் தெரியாது, அக்கா. அப்போது நீ நினைவில்லாமல் கிடந்தாய்.

ஐயா உடுக்கைக் கீழே வைத்துவிட்டு உன் காதுப் பக்கம் முகர்ந்து பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டு, "தம்பி, இது நம்ம கையில உள்ள சங்கதி இல்ல. காது நாறுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். படிக்காத மனிதர் அவர். ஆஸ்பத்திரி என்றதும் மச்சான் உடனே தோட்ட லொறியைக் கேட்கக் கிளம்பினார். வாசலில் மறித்து நின்றது நான். பத்தாம் வகுப்புவரை படித்தவன், பஜாரில் வேலை பார்க்கிறவன்.

"இல்ல மச்சான். கேமராவுக்கு முன்னாலதான் அழைச்சோம். அதே பங்களாவுல, அதே கேமராவுக்கு முன்னாலதான் அனுப்பணும். இல்லாட்டி போகாது."

என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து மச்சான் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கடைக் கேமரா அப்போது கையில் இல்லை, பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. கல்யாணம் முடிந்து, மறுவீடும் முடிந்து அது திரும்பி வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் நீ அந்தக் கம்பளிக்குள் கிடந்து முனகினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச நாள்தான், அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு அது கேட்டதா? கேட்காத காதுப் பக்கமாகத்தான் பாவி நான் உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் நாள் காலையில் உனக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் லொறி.

பதுளை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். மச்சான் பிள்ளையோடு வெளியே நின்றார், நான் மட்டும் உள்ளே.

"காதில இருந்த சீழ் மூளை வரைக்கும் போயிட்டுது. எத்தினை நாளா இப்பிடி?"

"நாலு நாளா, ஐயா."

அவர் பஞ்சை எடுத்து உன் காதை மறுபடி பார்த்தார். "நாலு நாளில இவ்வளவு வராது தம்பி" என்றார். திட்டவில்லை. அவர்களால் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். முன்பே கொண்டு வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். பிழைக்க நிறைய இடம் இருந்தது என்றார்.

வெளியே வந்தேன். மச்சான், "என்னவாம்?" என்று கேட்டார். "ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலையாம் மச்சான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான், அக்கா. அதைப் பிடித்துக்கொண்டு லயம் பத்து வருஷமாக உன்னைப் பேய் அடித்தவள் என்கிறது. பேயை அனுப்பத் தெரியாதவர் என்று கோடாங்கி ஐயாவின் வீட்டுக்கு ஆட்கள் போவதை நிறுத்திவிட்டார்கள். அவர் சாகும்வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மரணச் சான்றிதழில் நோயின் பெயர் சிங்களத்தில் எழுதியிருக்கிறது. மச்சானுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நானே வாங்கி வைத்துக்கொண்டேன். பேய் மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் சாப்பிட்டேன், தூங்கினேன், ஊர்க் கல்யாணங்களை எல்லாம் சிரித்த முகத்தோடு படம் பிடித்தேன். என்னைப் போல ஒரு தம்பி உனக்கு ஏன் வாய்த்தான்?

ஆனால் நான் மறைத்தது இப்போது உன் பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டது. தனக்கும் வரும் என்று அவள் காத்திருக்கிறாள். பதின்மூன்று வயதில், ஒவ்வொரு தலைவலிக்கும் பயந்துகொண்டு. அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மச்சானையும் உட்காரவைத்து, சான்றிதழை அவள் கையில் கொடுப்பேன். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறாள், அவளே வாசிக்கட்டும். பிறகு, "ஒங்கம்மாவப் பேய் அடிக்கல. காதுல நோய், மருந்து இருந்த நோய். ஆஸ்பத்திரிக்குப் போக விடாம வாசல்ல நின்னது நான்" என்று சொல்வேன். என் முகத்தில் துப்பினால் துடைக்காமல் நிற்பேன். இனி மாமா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, அவள் பயமில்லாமல் தூங்கட்டும். இது உனக்கு நான் தருகிற சத்தியம், அக்கா.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தர்ஷினியின் தாய்மாமன்,
என்றைக்கும் உன் தம்பி,
ராசு