ஏரிக்கரையில் புதைத்த ரொட்டி

அன்பு மருமகள் இனேஷுக்கு,

லிஸ்பன் வெயிலில் உன் குளிர் விட்டதா? இங்கே ஐஸ்லாந்தில் காற்று கதவையே பிடுங்குகிறது. குட்டி ஸோல்வெய்கின் ஒற்றைக் கையுறை சோபாவுக்கு அடியில் கிடைத்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

வந்தது நாலே நாள். அதற்குள் வீடு நிறைந்துபோயிற்று. வெந்நீர் ஊற்றின் கந்தக நாற்றத்துக்கு நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லிச் சொல்லி உன் மாமனார் இன்னும் சிரிக்கிறார்.

கிளம்பும் நாள் காலை, நாம் பிசைந்து, பானையில் அடைத்து, ஏரிக்கரையின் சூடான மண்ணில் வேகப் புதைத்த ரொட்டியை எடுக்க அவர் தனியாகத்தான் போவேன் என்றார். "அந்த இடம் எனக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கிட்டே தோண்டுவேன், போங்கடி!" என்று ஒரே ஜம்பம். பானையை மேசையில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது, அதே கரையில் ரொட்டி புதைக்கும் பக்கத்து வீட்டு பெர்க்லியோத்தின் பானை. ஸோல்வெய்க், "தாத்தா, இது நம்ம..." என்று தொடங்கினாள். நீ அவள் வாயில் வெண்ணெய் தடவிய துண்டைத் திணித்தாய். என் பிள்ளை எகில் ஒன்றும் கவனிக்கவில்லை. உன் மாமனாரோ, "இவ்வளவு நல்லா எனக்கு ஒருநாளும் வந்ததில்லை!" என்று எல்லோருக்கும் வெட்டி வெட்டிக் கொடுத்தார். அந்த முகத்தை நீ காப்பாற்றினாய், தாயே.

மீதியை நேற்று பெர்க்லியோத் சொன்னாள். நாங்கள் காரில் பெட்டி ஏற்றும்போது நீ கரைக்கு ஓடி, நம் பானையைத் தோண்டி அவளிடம் கொடுத்தாயாமே! தெரிந்த நாலு ஐஸ்லாந்துச் சொல்லை வைத்துக்கொண்டு, "இத வெச்சுக்குங்க. மாமாகிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றாயாம். "உன் ரொட்டி அடி கருகிடுச்சு ஆஸ்தீஸ், ஆனா உன் மருமக தங்கம்" என்றாள். ரொட்டியைப் பற்றி அவள் எப்போதும் அப்படித்தான்.

குளிர்காலம் முழுக்க அவர் மறதியை நான் மூடி மறைத்தேன். கார் சாவி குளிர்பெட்டியில் கிடக்கும். கடைக்குப் போனவர் வழி தெரியாமல் நிற்பார். நாலு நாளில் நீ கண்டுகொண்டாய். கண்டும், அவரைத் தலைகுனிய விடவில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

எகிலுக்கு இன்னும் தெரியாது. தொலைபேசியை எடுத்தால் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். பெற்ற பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, அம்மா.

இன்று காலை அவர் மறுபடி ரொட்டி புதைத்தார். நானும் பின்னாலேயே போய் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

மூவரும் நன்றாயிருங்கள். "இனேஷ் எப்ப வருவா?" என்று தினமும் கேட்கிறார். அந்தப் பெயர் அவர் நாவில் இருக்கும்போதே ஒருமுறை வந்துவிடு.

உன் மாமியார்,
ஆஸ்தீஸ்