சேனைக்கு எடுத்து வைத்த தேன்

23 பிப்ரவரி 2025, ஞாயிறு

விடிந்ததும் ஜீயபுரம் போனேன். வீரமலை அண்ணனின் வாழைத் தோப்பில் இருக்கும் என் பன்னிரண்டு தேன் பெட்டிகளையும் திறந்து பார்த்தாயிற்று. ஒன்பதில் தேன் நிரம்பியிருக்கிறது. ஏழாவது பெட்டிக்காரிகளுக்கு வழக்கம்போலக் கோபம், இடது புறங்கையில் இரண்டு கொட்டு. திட்ட மனம் வரவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு பதினான்கு வருடமாக எனக்குச் சோறு போடுவது இவர்கள்தானே.

பத்து மணிக்கு எடமலைப்பட்டி புதூரில் தம்பி சுரேஷ்குமார் வீட்டில் வளைகாப்பு. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து ரஞ்சனி உண்டாகியிருக்கிறாள். மாடியில் எல்லோரும் வளையல் போட்டார்கள். நான் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பிள்ளை பெறாதவள், புருஷனும் இல்லாதவள் என்று நானே கீழே அடுப்படியில் புளிசாதம் கிளறிக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்ததும் ரஞ்சனி இரண்டு கையும் குலுங்க மெல்லப் படியிறங்கி வந்தாள்.

"அண்ணி, பிள்ளைக்குச் சேனை நீங்கதான் வைக்கணும். உங்க தேன்லதான். நானும் அவரும் பேசிட்டோம்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். நன்றாக வாழ்ந்தவர்களாகத் தேடிப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். என்னையா?

"என் குணம் வந்தா பிள்ளையும் கொட்டும்டி" என்றேன். சிரிக்கத்தான் நினைத்தேன். அழுதுவிட்டேன்.

2 மார்ச்

ஐந்தாவது பெட்டித் தேனைத் தனியாக வடித்து எடுத்து வைத்தேன். இது யாருக்கும் கிடையாது.

9 மார்ச், ஞாயிறு

தில்லை நகரில் வழக்கமான மூலையில் தேன் விற்க மேசை போட்டேன். ஆபிதா வந்தாள். குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் நர்ஸாக இருப்பவள், அவள் அம்மாவின் வறட்டு இருமலுக்கு என் தேன்தான் போகிறது. புதுத் தேன், ருசி பார் என்று ஸ்பூனை நீட்டினேன். "நோன்புல இருக்கேன்க்கா" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஓரத்தில் இருந்த சின்னச் சீசாக்களைப் பார்த்தாள். பச்சை லேபிளில் 'சேனைத் தேன்' என்று எழுதியிருக்கும். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் கேட்கிறார்களே என்று போன வருடம்தான் போட ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒரு வயசு முடியற வரைக்கும் பிள்ளைக்குத் தேன் குடுக்கக் கூடாதுக்கா. ஒரு சொட்டுகூட."

என் தேன் சுத்தம் என்றேன். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். மண்ணில் இருக்கிற ஒரு கிருமி, விதை மாதிரி தேனுக்குள் உறங்கிக் கிடக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது முளைக்காது. பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து விஷம் கக்கும். முதலில் மலம் கட்டும். அப்புறம் பால் இழுக்காது, அழுகை மெலியும், உடம்பு துவண்டுவிடும், மூச்சே திணறும். தேனைக் காய்ச்சினாலும் அது போகாது. எல்லாத் தேனிலும் இருக்காது, எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் முடியாது.

"அப்ப ஊர்ல தேன் வச்ச பிள்ளைங்க எல்லாம்?"

"கிட்டத்தட்ட எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. அதனாலதான்க்கா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

சின்னச் சீசாக்களைப் பைக்குள் போட்டு மூடினேன். அதற்கு மேல் வியாபாரம் ஓடவில்லை.

10 மார்ச்

ஆபிதா மேல் கோபம் கோபமாக வருகிறது. அவள் என்ன செய்வாள்?

எனக்குன்னு ஒண்ணு வந்துச்சு. வாழ்க்கையில ஒரே ஒண்ணு. அதுக்கும் இப்படி ஒரு —

எதில் இருக்கிறது என்று தெரியாது என்றால் ஐந்தாவது பெட்டியில் இல்லாமலும் இருக்கலாம்தானே? ஒரு சொட்டுதானே? நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எழுதியதைத் திரும்பப் படித்தேன். சீ. இந்தப் புத்தியா அந்தப் பிள்ளைக்கு வரணும்?

11 மார்ச்

சேனைத் தேன் வாங்கியவர்கள் பதினோரு பேர். எல்லோர் நம்பரும் போனில் இருக்கிறது. காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். சிலர் அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "விக்கும்போது இது தெரியலையா?" என்று கத்தினார். சரியான கேள்வி. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். உறையூரில் ஒரு பெண், நாலு மாதப் பிள்ளைக்கு மத்தியானம் அழுதால் சப்புகிற ரப்பரில் தேன் தடவித் தருகிறாளாம். தினமும்! ஆபிதா சொன்ன அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இனி தர மாட்டேன் என்று சாமிமேல் சத்தியம் செய்தாள்.

பதினோரு பிள்ளைகளும் நன்றாக இருக்கின்றன. போனை வைத்துவிட்டு, யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் ரங்கநாதருக்கு, ஆபிதாவுக்கு, தேனீக்களுக்கு என்று எல்லோருக்கும் சொன்னேன்.

16 மார்ச், ஞாயிறு

என் நோட்டீசை ஆபிதாவிடம் கொடுத்தேன். 'பதினெட்டு நோய்க்கு ஒரே மருந்து' என்று தலைப்பு. பேனாவை எடுத்தவள் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி அடித்துக்கொண்டே போனாள். சர்க்கரை நோயாளிகள் பயமில்லாமல் சாப்பிடலாம் என்பதைப் பார்த்ததும், "தேனும் சர்க்கரைதான்க்கா, உடம்புல ஏறத்தான் செய்யும்" என்றாள். தீக்காயத்துக்கு அப்பலாம் என்பதும் போயிற்று. காயத்துக்கு வைக்கும் தேன் வேறு, அது அதற்கென்றே கிருமி நீக்கியது. தேனில் இருக்கும் மகரந்தத் தூள் சிலருக்கு ஒவ்வாமல் மூச்சு இழுக்கும், அதையும் எழுதச் சொன்னாள்.

கடைசியில் நின்றவை: ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இருமலைத் தணிக்கும், தொண்டைக்கு இதம், களைத்து வந்தால் சட்டென்று தெம்பு, சீனிக்குப் பதில் அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம். தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் குதிகால் வெடிப்புக்கு நல்லது. அவ்வளவுதான்.

முதலில் சப்பென்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தால், இவ்வளவு செய்கிறதே, போதாதா? பதினெட்டு நோயைச் சுமக்கச் சொல்லி அந்தச் சின்ன ஜீவன்களை நான்தான் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன்.

23 மார்ச், ஞாயிறு

லால்குடி போனேன். ரஞ்சனி அங்கே அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் அப்பா பிச்சமுத்து மாமா முப்பத்திரண்டு வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வெந்நீரில் என் தேன் இரண்டு ஸ்பூன் கலந்து குடிப்பவர். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"தேன் விக்கிறவளே தேன் ஆகாதுங்குறா! எனக்கு எங்கப்பன் தேன்தான் தொட்டு வச்சாரு. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு ஆக்சிடெண்ட் உண்டா?"

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் மாமா என்றேன். சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்குமா? உங்கள் சுகருக்கும் அந்த இரண்டு ஸ்பூன் ஆகாது என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். எழுந்தே விட்டார்.

"கைக்கு வந்த பாக்கியத்தை வேண்டாங்குறே. உனக்குக் குடுத்து வைக்கலைம்மா, அவ்வளவுதான். பிள்ளை பொறக்கட்டும், நானே வச்சுக்கிறேன்."

ரஞ்சனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அங்கே வந்திருந்த தம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து, "இப்பவே சொல்லியிருக்க வேணாம்க்கா" என்றான். எப்போது சொல்வது?

24 மார்ச்

குடுத்து வைக்கலையாம்.

31 மார்ச்

ரம்ஜான். ஆபிதா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. லால்குடியிலிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

11 ஏப்ரல், வெள்ளி

பெண் குழந்தை. மூன்று கிலோ. இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

காலை ஏழு மணிக்குத் தம்பி போன். தில்லை நகர் ஆஸ்பத்திரி. இன்று பார்த்து பங்குனி உத்திரம், எங்கள் ஸ்ரீரங்கம் முழுக்க ரங்கநாதர் தாயார் சேர்த்தி பார்க்க வந்த ஜனம். பஸ் காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. இறங்கி ஓட்டமும் நடையுமாகப் பாலத்தைக் கடந்து ஆட்டோ பிடித்தேன். தேன் எடுத்துப் போகவில்லை. வெறுங்கையோடு போனேன்.

அறைக்குள் நுழைந்தால் மாமா தொட்டில் பக்கத்தில் நிற்கிறார். சட்டைப் பையில் பச்சை லேபிள் தெரிகிறது. என் சீசா! போன வருடம் அவர் வீட்டுக்குக் கொடுத்த தேனோடு இதுவும் போயிருக்கிறது, பதினோரு பேர் கணக்கில் இவர் வரவே இல்லை. மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். வயதில் பெரியவர், சம்பந்தி, ஒன்றும் நினைவில் இல்லை.

"குடுடி அதை!"

"குடுக்க மாட்டேன் மாமா. என்னைய அடிச்சாலும் குடுக்க மாட்டேன். இது நான் அடைச்ச சீசா. இந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆனா நான் உசுரோட இருப்பேனா?"

தம்பி அவரைப் பிடித்துக்கொண்டான். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். அப்போதுதான் ரஞ்சனி வாயைத் திறந்தாள். சோர்ந்த குரல், ஆனால் தெளிவாக இருந்தது.

"அப்பா, சேனை வைக்கணும், அவ்வளவுதானே? அண்ணி வைப்பாங்க. என் பால்ல வைப்பாங்க."

நர்ஸ்தான், "சீம்பாலை விட என்னம்மா வேணும், தாராளமா வைங்க" என்றார். என்னை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார், நகத்தை வெட்டச் சொன்னார். ரஞ்சனி பாலாடையில் சில சொட்டு பீய்ச்சித் தந்தாள். மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. ஆள்காட்டி விரலில் தொட்டு அந்த நாக்கில் வைத்தேன். சின்ன வாய் விரலைக் கவ்விச் சப்பியது. இத்தனை வலுவா!

மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். திரும்பவே இல்லை.

12 ஏப்ரல்

விரலைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறேன். பைத்தியம்.

18 மே, ஞாயிறு

பாப்பாவுக்கு இளவேனில் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் வைக்கும் நாளுக்கு லால்குடி போனேன். மாமா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், பேச்சு மட்டும் இல்லை. பெரியவர் கையிலிருந்து அப்படிப் பிடுங்கியது தப்புத்தான். மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் பக்கத்தில் போனேன், இரண்டு தரமும் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது, நன்றாகக் கத்துகிறது. எனக்கு அது போதும். உண்மையாகவே போதுமா? சரி, முக்கால்வாசி போதும்.

6 ஜூலை

ரஞ்சனி போனில் சொன்னாள்: "அப்பா இப்ப வெறும் வெந்நீர்தான் குடிக்கிறாங்க அண்ணி. சுகர் இறங்கியிருக்கு. ஆனா உங்க பேரை எடுத்தா எந்திரிச்சுப் போயிடுறாங்க." மாத்திரையையும் ஒழுங்காகப் போடச் சொல் என்றேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

தில்லை நகர் மேசைக்கு இன்று புதிதாக ஒரு பெண் வந்தாள், பேர் ஜெஸிமா. "வள்ளிக்கண்ணுங்கிறது நீங்கதானா?" என்று கேட்டாள். அவள் தங்கைக்குப் பிள்ளை பிறந்து ஐந்து நாள் ஆகிறதாம். வியாழக்கிழமை லால்குடி பஸ்ஸில் கையில் தேன் சீசாவோடு போயிருக்கிறாள். பக்கத்து சீட்டுப் பெரியவர் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். பிறந்த பிள்ளை நாக்கில் தடவ என்றதும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டாராம். மலம் கட்டும், பால் இழுக்காது, அழுகை மெலியும் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாராம். நான் லால்குடியில் சொன்னது, சொன்ன வரிசையிலேயே.

பிள்ளைக்குக் கூடாது என்றால் பால் கொடுக்கிற தாய் சாப்பிடலாமா என்று கேட்கத்தான் வந்தாளாம். தாய் சாப்பிடலாம், பாலில் அந்தக் கிருமி வராது என்றேன். ஒரு சீசா எடுத்துக்கொண்டாள்.

"என்னை எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"அவர்தாங்க இடம் சொன்னாரு. 'சந்தேகமா இருந்தா அங்க போய்க் கேளு, என் பேத்திக்குச் சேனை வச்சது அந்தம்மாதான்'னாரு."