ஏழு சீட்டும் ஒரு கட்டிலும்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போதுமே தனிக்கட்சி. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றாலும் அப்படித்தான் சொல்வாய் என்றும் தெரியும். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி திருத்துவார், அதனால் அவர் முடிவெட்டப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

இந்த வருஷமும் லீவு இல்லை, வர முடியாது, அதற்குப் பதிலாக அப்பாவுக்குப் பெரிய கார் வாங்கித் தருகிறேன் என்றாய். பஸ் கண்டக்டராக ஆயுசு முழுக்க நின்றுகொண்டே போன மனுஷர், இனிமேலாவது சொகுசாக உட்கார்ந்து போகட்டும் என்றாய். அதைக் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்றார். கண் கலங்கினால் அவருக்கு ஜன்னல் கம்பிதான் ஞாபகம் வரும். மறுநாள் காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு ஷோரூமுக்குக் கிளம்பிவிட்டார். என்னை மட்டும் கூட்டிப் போயிருந்தால் பரவாயில்லை. ஏழு சீட்டு வண்டி என்று நீ சொல்லிவிட்டாய், காலிச் சீட்டோடு வண்டி எடுத்து அவருக்குப் பழக்கம் ஏது. எதிர்வீட்டுத் தையல்காரி, அவள் வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், அவருடைய இரண்டு மகள்கள், நாங்கள் இரண்டு பேர், ஆக ஏழு பேரையும் தலை எண்ணிக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே தரை பளபளக்கிற பளபளப்பில் நான் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன், என்னைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். டை கட்டிய விற்பனையாளர் ஒருத்தர் வந்தார், நல்ல மாதிரி. இந்த வண்டியோடு என்னென்ன சும்மா வரும் என்று அப்பா கேட்டார். சும்மா இல்லை சார், ஸ்டாண்டர்டு என்று திருத்திவிட்டு அவர் ஒப்பிக்க ஆரம்பித்தார். சீட்டு சூடாகுமாம், அதே சீட்டு குளிருமாம், கதவு தானாக மூடிக்கொள்ளுமாம், வண்டி பேசுமாம். கூரை திறக்க வேண்டுமானால் அதற்கு மேல்விலை வண்டி, முதுகு பிடித்துவிட வேண்டுமானால் அதற்கும் மேல்விலை வண்டி. ஒழுகுகிற கூரையை மூட நாம் எத்தனை மழைக்காலம் பாடுபட்டோம், இங்கே கூரை திறக்கக் காசு கேட்கிறார்கள். சரி, காலடியில் விரிக்கிற மேட் என்றால் அது தனி, ஸ்டெப்னி டயர் என்றால் அதுவும் தனி. கலரில் வெள்ளைக்கு மட்டும் காசு இல்லையாம், மற்றதற்கெல்லாம் கூடுதலாம். அப்போ கறுப்புக்கு லக்கேஜ் சார்ஜா என்று உன் அப்பா கேட்டுவிட்டார், அந்த மனுஷருக்குப் புரியவில்லை. கடைசியில் விலையைச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார். அதுவும் ஷோரூம் விலையாம், வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வந்தால் இன்னொரு விலையாம். ரோட்டில் ஓட்டாத காரை யார் வாங்குவார்கள் என்று தையல்காரி கேட்டாள்.

அப்புறம் எல்லா வசதியும் இருக்கிற மேல்விலை வண்டியையே ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். தையல்காரி முந்திக்கொண்டு ஜன்னலோரச் சீட்டில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தாள். இடம் பிடிக்கிற துணியைக் கண்டால் உன் அப்பாவுக்குப் பொறுக்காது என்று உனக்குத்தான் தெரியுமே, சர்வீஸில் எத்தனை துண்டை எடுத்து வெளியே வீசியிருப்பார். "கைக்குட்டைக்கு டிக்கெட் எடுத்தியாம்மா?" என்று கேட்டு அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். எல்லாரையும் வரிசையாக ஏற்றினார், நான் முன்னால், மற்றவர்கள் பின்னால். விற்பனையாளர் ஓட்டுவதற்கு ஏறி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பஸ்ஸில் சீட்டு எண்ணும்போது டிரைவரைச் சேர்க்க மாட்டார்கள் அல்லவா, உன் அப்பாவும் சேர்க்கவில்லை. கடைசியில் அப்பாவுக்கே இடமில்லை. யாராவது இறங்குவார்கள் என்று பார்த்தேன், முதுகு பிடித்துவிடுகிற சீட்டில் உட்கார்ந்தவர்கள் யார் இறங்குவார்கள், நானே இறங்கவில்லை. அவரும் கொஞ்சம்கூட யோசிக்காமல் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டி, "ரைட், போலாம்" என்றார். வண்டி போய்விட்டது. நாங்கள் ஊரைச் சுற்றி வரும்வரை ஷோரூம் வாசலில் செருப்புகளுக்குக் காவலாக நின்றிருக்கிறார். உட்கார்ந்து போகட்டும் என்று நீ வாங்கித் தருகிற வண்டியில் இதுவரை உட்காராத ஆள் அவர் ஒருத்தர்தான்.

இது வரைக்கும் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் நம் வாசலில் அந்த வண்டி நிற்காது, தெருவில் விட்டால் தண்ணீர் லாரி திரும்ப முடியாது. கொத்தனார் வந்து பார்த்து, முன் அறைச் சுவரை உடைத்தால் கச்சிதமாக நிற்கும் என்றார். முன் அறை உன் அறை. நான் முடியாது என்றேன். அவதான் வரதே இல்லையே, சும்மாதானே கெடக்கு என்றார் அப்பா. அவர் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை கொத்தனார் சுத்தியலோடு வந்துவிட்டார். கட்டிலை நகர்த்துகிறேன் என்று அப்பா உள்ளே போனார், ரொம்ப நேரமாக ஆளைக் காணோம். முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று எட்டிப் பார்த்தால் உன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பரீட்சைக்கு நீ சுவரில் எழுதி ஒட்டிய டைம்டேபிள் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கமிருந்து உடைக்கலாம் என்று கொத்தனார் கேட்டார். அப்பா எழுந்தார், தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிக் கட்டில்மேல் விரித்தார். "இங்க ஆள் வருதுப்பா" என்றார். எப்போ வராங்க என்று கொத்தனார் கேட்டதற்கு, ஜன்னல் கம்பி துருப்பிடித்திருக்கிறது, அதை மட்டும் பார்த்துக் கொடு என்றார்.

அதனால் கண்ணு, வண்டி வேண்டாம். உன் மனசு நோகும் என்று அவர் சொல்ல மாட்டார், நான் சொல்லிவிட்டேன். லீவு இல்லை என்று உன் மேலதிகாரி சொன்னால் சம்பளம் பிடித்துக்கொள்ளச் சொல், காலடி மேட்டுக்குக் கேட்ட காசைவிடவா அதிகம் பிடித்துவிடப்போகிறார்கள். தலைக்கு எண்ணெய் வை, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. நோய்நொடி இல்லாமல், கேட்டதெல்லாம் கிடைத்து, நீ நிறைவாக இருக்க வேண்டும்.

அந்தத் துண்டைத் துவைக்கக்கூட எடுக்க விடமாட்டேன் என்கிறார், குளித்துவிட்டு என் துண்டில் துடைத்துக்கொள்கிறார். டிக்கெட் இல்லாமல் இடம் பிடிப்பவர்களைக் கண்டாலே ஆகாத மனுஷர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். டிக்கெட்டை நீ எடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா