ஒரு ஸாரிக்குப் பத்து தண்டால்

வியாழன் மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முன்கையில் நாலு இடத்தில் கன்றிப்போயிருக்கிறது. அதையும் நலம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அது வகுப்பில் பட்டது. கப்பலில் உங்கள் இன்ஜின் அறைச் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். போனில் பாதியிலேயே "சரி சரி, அம்மாகிட்ட குடு" என்றுவிடுகிறீர்கள். கடிதத்தைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது.

போன வாரம் எனக்கு ஒரு வேலை கொடுத்தீர்கள். "அந்தக் கராத்தே டிரஸ்ஸை எங்கயாவது ஒளிச்சு வச்சிடு கண்ணு. பெல்ட் டெஸ்ட் முடியிற வரைக்கும் அம்மா கையில கிடைக்கக் கூடாது. நீ அப்பா பொண்ணுதானே" என்றீர்கள். அந்த வேலை என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால், அத்தை உங்களிடம் சொன்னதில் சில தவறுகளைத் திருத்த வேண்டும்.

கராத்தே கற்க அம்மாவை யாரும் தூண்டிவிடவில்லை. முதலில் சேர்ந்தது நான். டயர்க் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு, படியெல்லாம் ரப்பர் வாசனை. இரண்டே வாரத்தில் அது எனக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. வளர்ந்தாலும் போடலாம் என்று பெரிதாக வாங்கிய டிரஸ் வீணாகிறதே என்று அம்மா ஒருநாள் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. முன்பு நான் குதிக்க அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இப்போது பெஞ்சில் நான், கையில் புத்தகம்.

அங்கே பெல்ட் நிறப்படிதான் வரிசை. வெள்ளை பெல்ட் கடைசி, அதிலும் கடைசியாகச் சேர்ந்தவர் கடைசி. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் பின்னால் அம்மா நிற்கிறாள். அவளுக்கு முன்னால் பஸ் ஓட்டுகிற அக்காவும் பேக்கரிக்காரரும்.

கண்ணாடிக் கடையில் பத்து வருஷமாக ஆட்களின் மூக்கில் ஃபிரேம் பொருத்திய கை அம்மாவுடையது. முகத்துக்கு நேராகக் குத்தச் சொன்னால் ஒரு சாண் முன்பே பதமாக நின்றுவிடும். "குத்துங்கன்னா அளவெடுக்கிறீங்களே. எனக்குப் பார்வை நல்லாத்தாங்க இருக்கு" என்றார் பஸ் அக்கா. அம்மா உடனே ஸாரி சொன்னாள்.

அதுதான் பெரிய சிக்கல். குத்தினாலும் ஸாரி, குத்து வாங்கினாலும் ஸாரி. ஒருநாள் மாஸ்டர் எண்ணிப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொன்று. அன்றிலிருந்து வகுப்பில் ஒரு விதி, ஒரு ஸாரிக்குப் பத்து தண்டால். முதல் வாரம் அம்மா கராத்தே கற்றதைவிடத் தண்டால் எடுத்ததுதான் அதிகம். "இவங்க புண்ணியத்துல தரை பளபளன்னு ஆயிடுச்சு" என்றார் பேக்கரிக்காரர்.

அந்த ஸாரி அம்மாவுக்கு எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். போன விடுமுறையில், நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. நான் அடுத்த அறையில் புத்தகத்தோடு இருந்தேன். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அம்மா அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது கேட்டது. நடுவில் வேறு சத்தமும் கேட்டது. மறுநாள் அம்மா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு உங்களை வழியனுப்பினாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

"இந்த வயசுல காலைத் தூக்கி யாரை உதைக்கப் போறே?" என்று அத்தை வந்து கேட்டார். "இன்னும் அவ்வளவு உயரம் தூக்க வரலை அண்ணி" என்றாள் அம்மா. அத்தை இதைத் திமிர் என்று உங்களிடம் சொல்லியிருப்பார். அது உண்மை நிலவரம், இடுப்புக்கு மேலே கால் எழும்பவில்லை.

இப்போது நீங்கள் கொடுத்த வேலை. செவ்வாய்க்கிழமை டிரஸ்ஸை என் அலமாரியில் அட்லஸுக்குப் பின்னால் ஒளித்தேன். வகுப்புக்கு நேரமானது. அம்மா கட்டிலுக்கு அடியிலும், துவைக்கும் கூடையிலும், பால்கனியிலும் தேடினாள். கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "எங்க வச்சேன்னே தெரியல. எனக்கு எதுலயும் கவனமே கிடையாது. உன்னையும் காக்க வச்சுட்டேன், ஸாரிம்மா" என்றாள். என்னிடம் சொன்னாள், அப்பா. ஒளித்தவளிடம்.

எடுத்துக் கொடுத்துவிட்டேன். யார் சொல்லி ஒளித்தேன் என்பதையும் சொன்னேன். அம்மா டிரஸ்ஸின் சுருக்கத்தைக் கையால் நீவினாள். நான் ஸாரி என்றேன். "பத்து" என்றாள். கூடத்திலேயே படுத்து எடுத்தேன். ஆறுக்கு மேல் கை நடுங்கியது. "நானும்தான் ஒண்ணு சொல்லிட்டேன்" என்று அம்மாவும் பக்கத்தில் குனிந்தாள். அன்று வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனோம்.

ஆகவே நீங்கள் கொடுத்த வேலையை நான் செய்யப்போவதில்லை. நான் உங்கள் பெண்தான். டிரஸ்ஸை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

ஞாயிறு மாலை

கடிதத்தை டெஸ்ட் முடிந்த பிறகு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன்.

அம்மா தேறவில்லை. வரிசையாக அடி வைத்துச் செய்யும் பயிற்சியில் எல்லோரும் இடப்பக்கம் திரும்ப, அம்மா மட்டும் வலப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். சில பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்தபடியே மிச்சத்தையும் செய்து முடித்தாள். சோதிக்க வந்தவர் வயதான பெண்மணி. "திசை தப்பு. தடுப்பு நல்லா இருக்கு, அடுத்த முறை வாங்க" என்றார். அம்மா அந்தச் சொல்லைச் சொல்வாள் என்று மாஸ்டர், பஸ் அக்கா, பெஞ்சிலிருந்த நான், எல்லோருமே காத்திருந்தோம். அம்மா குனிந்து வணங்கிவிட்டு நேராக நின்றாள்.

அடுத்த டெஸ்ட் நீங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். அம்மா அங்கேயே ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் வீட்டில் இருக்கமாட்டோம். இதை அனுமதி கேட்டு எழுதவில்லை, தெரிவிக்கிறேன்.

நூலகத்தில் ஒரு கராத்தே புத்தகம் எடுத்து முழுவதும் படித்தேன். அம்மா இதுவரை கற்றிருப்பது பெரும்பாலும் தடுப்பதுதான். யாரும் கை ஓங்காத வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் மணி அடித்தால் ஓடி வந்து கதவைத் திறப்பது நான்தான். இந்த முறையும் ஓடி வரத்தான் எனக்கு ஆசை. நான் ஓடி வருகிற மாதிரி வாருங்கள், அப்பா.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்
மகள்