ஒரே வட்டிலில் உண்ட தவக்காலம்

இன்று காலை பக்கத்து வீட்டில் ஓமம் வறுத்தார்கள். வாசம் சுவர் தாண்டி வந்ததும் கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். யாருக்கோ வயிறு உப்பிவிட்டது, கஷாயம் வைக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குத்தான் பழைய பயம் வந்துவிட்டது. நீங்கள் கண்மூடி ஒரு வருஷமாகப் போகிறது. இன்னும் இந்த வாசத்துக்குப் பயப்படுகிறாயா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். கோவிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்த என் அப்பா கற்றுக்கொடுத்த எழுத்து, உங்களோடு சண்டை போடவாவது உதவட்டும்.

நமக்குக் கல்யாணமாகி வந்த முதல் தவக்காலம் அது. மலைமேல் அணை கட்டுகிற வேலைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அத்தோடு ஒருசந்தியும் பிடித்தீர்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பச்சைத்தண்ணீர் மட்டும். வீடு திரும்பியதும் வட்டில் நிறையச் சோளச்சோறு. கறி ஆகாத காலம் என்பதால் தினமும் மொச்சைக் குழம்பு. "பட்டினி கெடந்த புள்ள" என்று உங்கள் அம்மா, என் அத்தை, அள்ளி அள்ளி வைக்கச் சொல்வார்கள். காய்ந்த வயிற்றில் ஒரேயடியாகக் கொட்டிக்கொள்வதும் விரதத்தில் சேர்த்தி என்று ஊரே நினைத்திருந்த காலம்.

நான் சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். புருஷன் சாப்பிடும்போது புதுப்பெண் எதிரே நிற்கக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பது கட்டியவளுக்கே தெரியாது.

தவக்காலம் பாதி போவதற்குள் உங்கள் வயிறு உப்பத் தொடங்கியது. வேட்டியைத் தளர்த்திக் கட்டினீர்கள். ஏப்பம் வராமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஒரு சாயங்காலம் அத்தை உங்கள் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏத்தா, எம்மகனுக்கு என்னத்தப் போட்டுக் குடுத்த?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர்கள் மெதுவாகக் கேட்டார்கள். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றில் மருந்து வைப்பாள், அது குடலில் ஒட்டிக்கொண்டு வயிற்றை ஊதவைக்கும் என்று நம்புகிற ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அப்படிப் பெயரெடுத்த ஒருத்தி நம் தெருவிலேயே இருந்தாள். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், திரும்ப அழைக்கவே இல்லை. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு கையில் செபமாலையை உருட்டிக்கொண்டே அத்தை மருந்து எடுப்பவருக்கு ஆள் அனுப்பினார்கள். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் கோவிலில் வைத்துத் திட்டுவாரே என்ற பயம் வேறு. அதனால் குருத்து ஞாயிறுப் பூசை வைத்துவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போனபிறகு வரச் சொல்லியிருந்தார்கள். வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, மயிர்ச்சுருளும் கறுப்பாக ஒரு கட்டியும் எடுத்துக் காட்டுகிற ஆள் அந்த மருந்து எடுப்பவர். அவர் எடுத்துக் காட்டிவிட்டால் அதற்குமேல் என் பேச்சு எடுபடாது. தேவதானப்பட்டியில் அப்பா முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பேன் என்று நினைத்து நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பொழுது சாய நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. எதிரே உட்கார்ந்தேன்.

"அத்தை, முதல்ல நான் திங்கிறேன். பெறகு அவுக சாப்புடட்டும்."

"பொண்டாட்டி எச்சியத் தின்னான்னு ஊரு சிரிக்கவா?"

"அப்ப ரெண்டு பேரும் ஒரே வட்டில்ல சாப்புடுறோம். நீங்க இங்கனயே இருந்து பாருங்க."

நீங்கள் வட்டிலை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினீர்கள்.

அன்றுதான் நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்தேன். பாவி மனுஷா, அதுவா சாப்பாடு? மெல்லுவதே கிடையாது. உருண்டையை உள்ளே தள்ளி, செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று ஊற்றி, அடுத்த உருண்டை. மாடுகள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வண்டிக்காரன் தின்று முடிக்க வேண்டும், பிந்தினால் வரிசையில் இடம் போய்விடும் என்று பழகிய கை. தின்றதும் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டீர்கள்.

இப்படி விழுங்கினால் எவன் வயிறுதான் உப்பாது? அத்தையிடம் சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். அதனால் சொல்லவில்லை. தினமும் எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டேன். என் கை வட்டிலில் இருக்கும்போது உங்கள் கை காத்திருந்தது. நான் மெல்லும்போது நீங்களும் வேறு வழியில்லாமல் மென்றீர்கள். தண்ணீர்ச் செம்பை என் பக்கம் வைத்துக்கொண்டேன். மொச்சையை நிறுத்திவிட்டுப் பாசிப்பயறும் பூண்டும் போட்டுக் குழம்பு வைத்தேன். ஓமம் வறுத்துக் கொதிக்கவைத்து இளஞ்சூடாகக் கொடுத்தேன். சாப்பிட்டு எழுந்ததும், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வருவம், வாங்க" என்று கிணறுவரை நடத்திக் கூட்டிப்போனேன். பாடுபடுகிறவர்களுக்கு ஒருசந்தி கடமையில்லை என்று அப்பா சொன்னதை எடுத்துச் சொல்லி, மத்தியானத்துக்கும் கஞ்சி கட்டிக் கொடுத்தேன். அத்தை முணுமுணுத்தார்கள், ஆனால் தடுக்கவில்லை. மகன் வயிறு அவர்களுக்கும் பெரிய கவலைதானே.

உப்பல் ஒரேயடியாக இறங்கவில்லை. ஒரு நாள் தளர்ந்தால் மறுநாள் ஏறும். ஏறிய நாட்களில் அத்தையின் பார்வை என் கையிலேயே இருக்கும். குருத்து ஞாயிறு நெருங்க நெருங்க, எந்தச் சாமி காதிலாவது விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தெருமுனை மாரியம்மனுக்குக்கூட மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன், மாதா மன்னிக்கட்டும்.

மருந்து எடுப்பவர் வந்தார். நடுவீட்டில் உங்களைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்போது நன்றாக இளகித்தான் இருந்தது. ஆனால் அவர் விடுவாரா? "உள்ள ஒட்டிக்கெடக்கு, எடுத்துரலாம்" என்று குழலை எடுத்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரு கையில சாப்புடுறீக?" என்று உங்களைக் கேட்டார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் எழுந்து உட்கார்ந்து வேட்டியை இறுக்கிக் கட்டினீர்கள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே வட்டில்ல சாப்புடுறோம். மருந்து இருந்தா ரெண்டு வகுத்துலயும்ல இருக்கணும்? எடுக்கிறதுன்னா ரெண்டு பேருக்கும் எடுங்க."

அந்த ஆள் அத்தையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பெண்ணின் வயிற்றில் அன்னிய ஆண் கை வைப்பதாவது! அத்தை சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"வேணாம், வேணாம். எம்மகனுக்கு எறங்கிருச்சு. நீங்க போய்ட்டு வாங்க."

"நான் வர்றது தெரிஞ்சுதான் எறங்கிருக்கு" என்று சொல்லி ஒரு கோழியை வாங்கிக்கொண்டுதான் போனார். தவக்காலத்தில் நமக்கில்லாத கோழி! அன்று சாயங்காலம் வட்டிலை நடுவில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னதே அத்தைதான். அதன்பிறகு நாம் தனித்தனி வட்டிலில் சாப்பிட்டதே இல்லை. தெரு கேலி பேசியது, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. என் புருஷன் என்னை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை என்று வருஷக்கணக்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

போன வருஷம் மலைக்காய்ச்சலில் நீங்கள் படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று சிரித்தீர்கள்.

"அப்ப நெசமாவே நீ மருந்து வச்சிட்டன்னுதான் நெனச்சேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "பெறகு ஏன் சாப்புட்டீக?"

"சாப்புடலைன்னா ஒன்னைய அனுப்பிச்சிருவாகல்ல."

அதற்குமேல் பேச உங்களுக்கு மூச்சு வரவில்லை. மறுபடி அதைப் பேச நாளும் வாய்க்கவில்லை.

அந்தச் சாயங்காலங்களை இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பயம் நாக்கில் படுவதற்கு முன்னால் உள்ளே தள்ளிவிடத்தான் அப்படி விழுங்கினீர்களோ? விழுங்க விழுங்க வயிறு உப்பியது, உப்ப உப்பப் பயம் கூடியது, ஆனாலும் வட்டிலை ஒதுக்கவில்லை. அந்தச் சந்தேகம் எந்த நாளில் உங்களைவிட்டுப் போனது, போனதா என்றுகூட எனக்குத் தெரியாது. கோபம் கோபமாக வருகிறது உங்கள்மேல். என்னைத் தெரிந்து, என்னை நம்பி என் சோற்றைத் தின்ன எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நம்பாமலும் தின்ற ஆள் நீங்கள் ஒருவர்தான்.