உனக்காக மூடிய கடைகள்

என் அருமை அண்ணா,

நீ போன அன்று நம் பத்திர எழுத்தர் சங்கம் வழக்கத்தை விடவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே இருக்கும் நம் கடைகள் அத்தனையையும் மூடிவிட்டுத்தான் உன்னைத் தூக்கினோம். தலைவர் சாவு அல்லவா!

உறுப்பினர் இறந்தால் கடையடைப்பு என்பது நீ கொண்டுவந்ததுதான். அப்போதெல்லாம் நாம் மூடினால் ஆபீஸ் காற்று வாங்கும். பத்திரம் எழுத ஆளில்லாமல் ஜனங்கள் திரும்பிப் போவார்கள். "நம்ம அருமை இன்னிக்குத் தெரியும்"னு மீசையைத் தடவிக்கொள்வாய்.

உன்னை எரித்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். ஆபீஸ் வாசலில் எப்போதும் போல் கூட்டம், அண்ணா. பக்கத்து பிரவுசிங் சென்டர் கவிதா விவரங்களைத் தட்டத் தட்ட, கம்ப்யூட்டரே பத்திரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாம் மூடியிருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. உனக்காக அழுதேனா, சங்கத்துக்காகவா?

காரியம் முடிந்த மறுநாள் கவிதா வீட்டுக்கு வந்தாள். அடி அண்ணாமலை ஊர்க்காரர் ஒருவருக்கு அவள் போட்டுக் கொடுத்த பத்திரத்தில் நிலத்தின் எல்லை மாறிவிட்டதாம். பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு நிற்கிறார்.

"கம்ப்யூட்டர் போட்டுச்சுன்னா யாரு கேக்குறாங்க அக்கா? என்னைத்தான் திட்டுறாங்க. என்னையும் சங்கத்துல சேத்துக்கோங்க. தப்பு இருந்தா பாத்துச் சொல்ல நாலு பேரு வேணும்."

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பொருளாளர் எழுந்துவிட்டார். "நம்ம சோத்துல மண்ண அள்ளிப் போட்டவ அவ! அண்ணன் இருந்தா சேத்திருப்பாரா?"

சேர்த்திருக்க மாட்டாய். "மெஷின் எழுதறதுக்குக் காவல் உக்காந்தா அவன் எழுத்தனா?" என்று கேட்டவன்தானே நீ. ஆனால் எழுதும் வேலை நம் கையை விட்டுப் போய்விட்டது. எழுதியதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும், அது ஒன்றுதான் மிச்சம். அதையும் விட்டுவிட்டால் சங்கம் எதற்கு, சொல்லேன்?

கவிதாவைச் சேர்க்க ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டு பக்கமும் சமம். செயலாளரான என் ஓட்டு மட்டும் பாக்கி. உன் தங்கை எந்தப் பக்கம் போடுவாள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை.

நாளைக் காலை உன் கடையைத் திறக்கிறேன். உன் நாற்காலியில் கவிதா உட்காருவாள். அவள் எடுத்துத் தரும் ஒவ்வொரு பத்திரத்தையும் நான் வரி விடாமல் படிப்பேன். இனி நம்மில் யார் செத்தாலும், நானே செத்தாலும், கடைகளை மூட விடமாட்டேன். இது சத்தியம்.

உனக்கு எதிராக ஓட்டுப் போட்ட உன் ஒரே தங்கை,
மல்லிகா