வலக்கண்ணும் ஒரு வாய் புகையிலையும்

பெப்ரவரி 18, 2025

இன்றும் கண் ஒப்பரேஷன் இல்லை. பிரஷர் நூற்று எண்பது. அது இறங்காமல் கண்ணில் கை வைக்கமாட்டார்களாம். பிரஷர் குளிசையைக் கூட்டித் தந்தார்கள். இடக்கண் எப்போதோ போய்விட்டது. வலக்கண்ணிலும் வெள்ளை படர்கிறது. அபாயா தைக்கிறவளுக்குக் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாவிட்டால் மெஷினை மூடவேண்டியதுதான்.

மார்ச் 13

நோன்பு. கிளினிக்கில் பிரஷர் அளந்த நர்ஸ் மிஸ் நம்பாமல் திரும்பவும் அளந்தார். நூற்று முப்பது. பெருநாள் கழித்து, ஏப்ரல் எட்டில் ஒப்பரேஷன். நோன்பு தந்த அருள், பறக்கத் என்கிறாள் மகள் அஸீமா. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நோன்பு திறந்ததும் என் வீட்டுக்காரரும் நானும் வழக்கம்போல வெற்றிலை போட்டோம். புகையிலை சற்றுக் கூடத்தான் — பகல் முழுக்கக் காத்திருந்த வாய்.

மார்ச் 31

பெருநாள். வந்தவர்களோடு சேர்ந்து காலையிலிருந்தே வெற்றிலை.

ஏப்ரல் 8

திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்கு மருந்து விட்டு, உடுப்பு மாற்றி, கட்டிலில் இருத்திய பிறகு. ஓட்டோ நாவற்குடாவைத் தாண்டும்போது பயத்தில் ஒரு வாய் புகையிலை போட்டேன், உண்மைதான். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. நெஞ்சு தையல் மெஷின் மாதிரி அடித்தது. மிஸ் என் வாயைப் பார்த்தார்.

“பொயில போட்டுட்டு வந்தா பிரஷர் ஏறாம என்னம்மா செய்யும்?”

புகைத்தால்தானே நெஞ்சுக்குக் கூடாது என்றேன். வாய்க்குள் அடக்கினாலும் இரத்தத்தில் சேர்ந்துவிடுமாம். குழாய்களை இறுக்கி, இதயத்தை ஓடவைக்குமாம். அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். வெக்கமாப் போச்சு.

ஏப்ரல் 9

அப்படியென்றால் நோன்பில் ஏன் இறங்கியது? பகலில் வாயில் ஒன்றும் இல்லை, அதனால்தான். இவ்வளவு காலமும் குளிசையைத்தான் குறை சொன்னேன். புகையிலை போடுவாயா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மடச்சி.

ஏப்ரல் 15

புகையிலைக்குப் பதில் கராம்பு மெல்கிறேன். தலையிடி. அஸீமாவோடு சண்டை, எதற்கென்று நினைவில்லை. அவர் எனக்கு எதிரிலேயே இருந்து வெற்றிலை போட்டார். முற்றத்துக்குப் போகச் சொன்னேன். போனார்.

மே 20

நூற்று முப்பத்தைந்து. நோன்பு இல்லாமலே. நாளை ஒப்பரேஷன்.

மே 24

கட்டு அவிழ்த்தாயிற்று. எல்லாம் துலக்கம். சுவர் இவ்வளவு அழுக்கா? அவருடைய வலக்காற் பெருவிரல் கறுத்திருக்கிறது. செருப்புக் கடித்ததாம், ஆறிவிடுமாம். தொட்டுப் பார்த்தேன். இந்த வெயிலிலும் கால் குளிர்ந்து கிடக்கிறது. பயமா இருக்கு.

மே 27

அவரை இழுத்துக்கொண்டு போனேன். காலுக்கு இரத்தம் சரியாக ஓடவில்லை, விரல் தப்புமா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார் டொக்டர். சிகரெட் குடிப்பீர்களா என்று கேட்டார். வாழ்க்கையில் தொட்டதே இல்லை என்றார் இவர், பெருமையாக. பொய்யும் இல்லை. டொக்டர் அதை எழுதத் தொடங்கினார்.

“பொயில போடுறவரு, டொக்டர்,” என்றேன். “நானும் போட்டவதான்.”

இவர் என்னை முறைத்தார். அதுவும் நன்றாகத் தெரிந்தது.